பைக்காரா பஸ் ஸ்டாப்பும் வெட்டுப்பட்ட ஒயரும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு நடுவில் படிக்காமல், இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். பட்டறை வைத்திருப்பவர்களும், வெளிநாட்டில் இருந்து மிஷின் வாங்கி அனுப்புகிறவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

பெரியார் பஸ் நிலையத்தில் இருந்து திருப்பரங்குன்றம் போகும் பஸ்ஸில் ஏறினால், பழங்காநத்தம் தாண்டியதும் கண்டக்டர் "பைக்காரா எறங்கு" என்று சத்தம் கொடுப்பார். அடுத்து பசுமலை. மதுரைக்காரர்கள் எல்லோரும் ஆயிரம் தடவை இந்தப் பெயரைக் கேட்டிருப்போம். பைக்காரா என்பது மதுரைப் பெயரே இல்லை. அது நீலகிரியில் ஓடும் ஓர் ஆறு. அந்த ஆற்றின் பெயர் வைகைக் கரை ஊருக்கு எப்படி வந்தது?

மின்சாரத்தோடு வந்தது. பைக்காரா ஆற்றுத் தண்ணீரை மலையில் இருந்து பெரிய இரும்புக் குழாய்களில் சுமார் 3,000 அடி கீழே சிங்காராவுக்கு இறக்கி, அங்கே மின்சாரம் எடுத்தார்கள். 1932-ல் அந்த நிலையம் ஓட ஆரம்பித்தது. மின்சாரம் முதலில் கோயம்புத்தூருக்கு வந்தது. பிறகு கம்பி தெற்கே நீண்டு மதுரை வரைக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கம்பி வந்து இறங்கிய துணை மின்நிலையத்தை ஜனங்கள் 'பைக்காரா' என்றே சொன்னார்கள். அதைச் சுற்றி வளர்ந்த பகுதிக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஒரு மலை ஆற்றின் பெயர், கம்பி வழியாக இத்தனை தூரம் நடந்து வந்து நம் ஊரில் பஸ் ஸ்டாப் ஆகியிருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு தம்பி, கப்பலூர்ப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர், வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அமெரிக்காவில் ஓடி ஓய்ந்த ஒரு பழைய மிஷினை வாங்கியிருக்கிறார். ஒயரை முழங்கை நீளத்தில் வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே கருப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று கம்பி. "டீச்சர், நம்ம ஊரு ஒயரோட கலர் பாத்து முறுக்கி விட்டுரலாமா? நீங்கதானே கரண்ட் பாடம் நடத்துனீங்க" என்று கேட்டார்.

கேட்டாரே, அதுவே பெரிய விஷயம். கேட்காமல் முறுக்கியவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் விரிவாக உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் வரலாறு.

மின்சாரம் வருவதற்கு முன் பெரிய ஆலைகளை நீராவி இயந்திரம்தான் ஓட்டியது. 1890-களில் மதுரையில் ஹார்வி சகோதரர்கள் ஆலை தொடங்கிய காலமும் அப்படித்தான். ஒரு பெரிய இஞ்சின் இருக்கும். கூரையை ஒட்டி நீளமான இரும்புத் தண்டு சுற்றும். அதில் இருந்து தோல் பெல்ட்டுகள் கீழே இறங்கி ஒவ்வொரு மிஷினையும் சுற்றும். மிஷின் மான்செஸ்டரில் செய்ததா, வேறு தேசத்தில் செய்ததா என்ற கேள்வியே கிடையாது. பெல்ட் மாட்டினால் ஓடும்.

அந்த இஞ்சினை வைக்கப் பெரிய முதல் வேண்டும். அதனால் சின்ன ஆள் பட்டறை வைக்க முடியாது. பைக்காரா, பிறகு மேட்டூர், பாபநாசம், 1950-களின் இறுதியில் நம் பெரியாறு என்று மின்சாரம் பெருகப் பெருக, ஒரு லேத்து, ஒரு மோட்டார், ஒரு தகரக் கொட்டகை இருந்தால் போதும் என்று ஆயிற்று. உங்களில் பலருடைய அப்பாக்கள் இப்படித்தான் முதலாளி ஆனார்கள். ஆனால் கூடவே ஒரு சங்கடமும் வந்தது. பெல்ட்டுக்குத் தேசம் கிடையாது. மோட்டாருக்குத் தேசம் உண்டு. அது எந்த ஊர் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டதோ அந்த மின்சாரம்தான் அதற்கு வேண்டும்.

ஏன் ஊருக்கு ஊர் மின்சாரம் வேறு?

1882-ல் எடிசன் நியூயார்க்கில் மின்நிலையம் தொடங்கியபோது, அவருடைய பல்புக்குத் தோதாக 110 வோல்ட் அளவில் கொடுத்தார். அமெரிக்கா அந்த அளவிலேயே வளர்ந்து இன்று 120 வோல்ட்டில் நிற்கிறது. ஜெர்மனியில் பெர்லின் மின்சாரக் கம்பெனி 1899-ல் 220 வோல்ட்டுக்கு மாறத் தொடங்கியது. காரணம் எளிமையான கணக்கு, ஏழாம் வகுப்பில் போட்டதுதான். வோல்ட்டை இரண்டு மடங்காக்கினால், அதே வேலைக்குப் பாதி ஆம்பியர் போதும். ஆம்பியர் பாதியானால் கம்பியில் வெப்பமாக வீணாவது கால்வாசி ஆகிவிடும். தாமிரம் மிச்சம். ஐரோப்பா அந்த வழியில் போயிற்று. இங்கிலாந்தும் அதை ஒட்டிய அளவில் நின்றது. இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த நாமும் அப்படியே. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

ஹெர்ட்ஸ் என்றால் மின்சாரம் ஒரு விநாடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது என்ற கணக்கு. ஜெர்மன் கம்பெனிகள் 50 என்று வைத்தன, அமெரிக்கக் கம்பெனிகள் 60 என்று வைத்தன. ஜப்பான் கதையைக் கேளுங்கள். டோக்கியோ 1895-ல் ஜெர்மனியில் இருந்து ஜெனரேட்டர் வாங்கியது. அடுத்த ஆண்டு ஒசாகா அமெரிக்காவில் இருந்து வாங்கியது. அவ்வளவுதான். இன்று வரை ஜப்பானின் கிழக்குப் பாதி 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதி 60 ஹெர்ட்ஸ். வோல்ட் இரண்டு பக்கமும் 100. ஒரே தேசம், ஒரே பாஷை, இரண்டு மின்சாரம்.

1895 என்றதும் உங்களுக்கு ஒன்று ஞாபகம் வர வேண்டும். பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை திறந்த ஆண்டும் அதுதான். மேற்கே ஓடிய தண்ணீர் நம் மேலூர்ப் பக்க வயல்களுக்குத் திரும்பியது அந்த ஆண்டில்தான். சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதும் அதே 1895-ல்தான். ஒருபுறம் நம் தாத்தாக்கள் பெரியாற்றுத் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, இன்னொருபுறம் டோக்கியோவில் யாரோ ஒரு விலைப்பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்து நூற்று முப்பது வருஷம் கழித்து நம் பட்டறையில் மோட்டாரை எரிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சவூதியில் இருக்கும் உறவுகளே, உங்களுக்கும் இது பொருந்தும். அங்கே நெடுங்காலம் வீடுகளில் 127 வோல்ட். ஹெர்ட்ஸ் இன்றைக்கும் 60. ஆகவே "சவூதியில நல்லா ஓடுச்சு" என்பது மதுரையில் ஓடுவதற்குச் சான்று ஆகாது. சிங்கப்பூர், மலேசியா மிஷினுக்கு அந்தக் கவலை இல்லை. பிளக்தான் வேறு.

பிளக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. நாம் பயன்படுத்தும் மூன்று உருண்டைக் கால் பிளக், இங்கிலாந்தின் 1934-ம் ஆண்டுத் தரத்தில் இருந்து வந்தது. இங்கிலாந்து 1947-ல் சதுரக் கால் பிளக்குக்கு மாறிவிட்டது. அதே ஆண்டு நாம் சுதந்திரம் அடைந்தோம். அவர்கள் விட்ட உருண்டைக் காலை நாம் வைத்துக்கொண்டோம். அதில் எர்த் கால் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது என்று ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் கேட்பேன். பிளக்கைச் செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். உயிரைக் காக்கிற கம்பி முதலில் வந்து கடைசியில் போகிறது.

இனி நிறம். இந்தப் பதிவில் முக்கியமான பகுதி இதுதான்.

நம் ஊரில் சிவப்பு என்றால் கரண்ட் வருகிற ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். இதுவும் இங்கிலாந்து கொடுத்துவிட்டுப் போனது. அமெரிக்காவில் கருப்புதான் ஃபேஸ். வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். நாம் ஆபத்தில்லை என்று நினைக்கும் கருப்பு, அங்கே ஆளைக் கொல்லும் கம்பி.

ஜெர்மனியில் 1960-களின் நடு வரைக்கும் என்ன வழக்கம் தெரியுமா? கருப்பு ஃபேஸ், சாம்பல் நிறம் நியூட்ரல், சிவப்பு எர்த். ஆமாம், சிவப்புதான் எர்த்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் ஆசிரியப் பயிற்சி முடித்த வருஷம் என் பெரியப்பா மகன், எனக்கு மூத்த அண்ணன், திருமங்கலம் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே ஒரு பழைய ஜெர்மன் டிரில்லிங் மிஷின் வந்து இறங்கியது. அதற்கும் ஒயர் வெட்டுப்பட்டிருந்தது. 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், எல்லாம் நம் ஊருக்குச் சரி. ஒயர் போட்டவர் விவரம் தெரிந்த ஆள்தான். சிவப்போடு சிவப்பு, கருப்போடு கருப்பு, மிச்சம் இருந்த சாம்பலோடு பச்சை என்று முறுக்கி டேப் சுற்றினார். பார்க்கிற யாருக்கும் அது சரியாகத்தான் தெரிந்திருக்கும்.

என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு கம்பியாகப் பாருங்கள். மிஷினில் சிவப்பு எர்த், அதாவது இரும்பு உடம்போடு சேர்ந்தது. அதில் நம் ஃபேஸ் ஏறிவிட்டது. மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்றில் நியூட்ரல், மற்றதில் எர்த். இரண்டுக்கும் நடுவே வோல்ட் இல்லை, மோட்டார் ஓடாது. மிஷின் மரப் பலகை மேல் நின்றதால் ஃபியூஸும் போகவில்லை. சுவிட்சைப் போட்டார்கள், சத்தமே இல்லை. "என்னன்னு பாருப்பா" என்றார்கள். ஓடாத மிஷின்தானே என்று அண்ணன் அதன் மேல் கை வைத்தார்.

அவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

பெரியம்மா அதற்குப் பிறகு பல வருஷம் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பார்: "மிஷினு ஓடவே இல்லையாமே, பெறகு எப்படிக் கரண்டு அடிச்சுச்சு?" யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பதில் எனக்கு விளங்கவே சில ஆண்டுகள் ஆயின. ஒரு பழைய மின்சாரப் பணிக் கையேட்டில் நாடுவாரியான நிறப் பட்டியலைப் பார்த்த அன்று விளங்கியது. அதற்குப் பிறகு நான் நடத்திய ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் அந்தப் பட்டியலை எழுதினேன். அது பாடத்தில் இல்லை, பரீட்சையில் வராது. "எதுக்கு டீச்சர் ஜெர்மன் கலரெல்லாம்?" என்று கேட்டவர்களுக்கு இப்போது காரணம் தெரிந்திருக்கும்.

அந்தக் குழப்பத்தால் நேர்ந்த விபத்து நம் ஊரில் மட்டும் நடக்கவில்லை. ஐரோப்பிய நாடுகள் ஒன்றுக்கொன்று சாமான் விற்கத் தொடங்கியதும் இதே ஆபத்தை உணர்ந்தன. அதனால்தான் பொதுவாக ஒரு நிறவரிசை வந்தது: பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்த வரி எர்த். இங்கிலாந்திலும் சுமார் 1970 முதல் மிஷின் ஒயர்களில் இதுதான். ஒரு நல்ல யோசனையும் இதில் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்ணுள்ள ஆண்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பழுப்பும் நீலமும் அவர்களுக்கும் வேறாகத் தெரியும். எர்த்தில் இரண்டு நிற வரி இருப்பதால் அதுவும் தப்பாது. ஆனால் நம் ஆட்களிடம் ஒரு கோளாறு உண்டு: "பிரவுன் மண்ணு கலர், அதனால எர்த்து" என்று சொன்ன ஒயர்மேனை நானே பார்த்திருக்கிறேன். பிரவுன் எர்த் இல்லை. பிரவுன்தான் கரண்ட்.

சரி, கப்பலூர்த் தம்பிக்குச் சொன்ன பதில். வரிசையாக எழுதுகிறேன், நோட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் மிஷினில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். வோல்ட், ஹெர்ட்ஸ், ஆம்பியர் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். தகடு அழிந்துபோயிருந்தால் மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் காட்டிக் கேட்காமல் ஒயரைத் தொடாதீர்கள்.

2. வெட்டுப்பட்ட இடத்தில் முறுக்கி டேப் சுற்றவே கூடாது. பட்டறைத் தரையில் எண்ணெயும் இரும்புத் தூளும் இருக்கும். டேப் இளகிவிடும், இழுபடும். மிஷினின் டெர்மினல் மூடியைத் திறந்து, பழைய ஒயரை முழுதாகக் கழற்றிவிட்டு, அங்கிருந்தே புது மூன்று கோர் ஒயர் போடுங்கள். உள்ளே எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது காலில் இடறி ஒயர் பிடுங்கினாலும் எர்த் கடைசியாகத்தான் விடும். ஒயரை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் கட்டாயம் வேண்டும்.

3. நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள். கரண்டோடு இணைக்கும் முன், மல்ட்டிமீட்டரில் ஒரு முனையை மிஷினின் பெயிண்ட் இல்லாத இரும்பில் வையுங்கள். எந்தக் கம்பி இரும்போடு சேர்ந்திருக்கிறதோ அதுதான் எர்த். மற்ற இரண்டும் இரும்போடு எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் மோட்டாரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

4. சுவிட்ச் ஃபேஸ் கம்பியில் வர வேண்டும். அமெரிக்க மிஷினில் கருப்பை நம் கருப்போடு சேர்த்தால் மிஷின் ஓடும். அதனால் தப்பே தெரியாது. ஆனால் சுவிட்ச் நியூட்ரலில் போய்விடும். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும்.

5. 120 வோல்ட் மிஷினை நம் 230-ல் செருகினால் ஹீட்டர் காயிலில் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மடங்கு வெப்பம். ஜப்பானின் 100 வோல்ட் என்றால் ஐந்து மடங்குக்கு மேல். மோட்டாராக இருந்தாலும் சில விநாடியில் காயில் கருகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். மிஷின் 120 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுத்தால் அது 1,200 வாட். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். அதனால் 2,000 வாட்டுக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஆம்பியர் அதிகம் என்பதால் ஒயரும் 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சில அமெரிக்க மோட்டார்களின் தகட்டில் 115/230 என்று இரண்டும் போட்டிருக்கும். அப்படி இருந்தால் டெர்மினல் மூடிக்குள் இருக்கும் படத்தைப் பார்த்து இணைப்பை மாற்றினால் போதும், டிரான்ஸ்பார்மர் தேவைப்படாது.

6. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் மோட்டார் நம் 50-ல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். 1,800 சுற்று என்பது 1,500 ஆகும். அதோடு அதிகமாகச் சூடாகும். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு நம் 50 ஹெர்ட்ஸில் 100 வோல்ட் கொடுப்பதே தோது. இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும் என்பது கணக்கு. கார்பன் பிரஷ் உள்ள கைக் கிரைண்டர், கை டிரில் போன்றவற்றுக்கு ஹெர்ட்ஸ் கவலை இல்லை, வோல்ட் கவலை மட்டும்தான்.

7. கடைசியாகச் சொல்வது, பலர் மறப்பது. 120 வோல்ட் மிஷினுக்கு நம் ஊர்ப் பிளக் மாட்டாதீர்கள். இன்று நீங்கள் டிரான்ஸ்பார்மரில் செருகுவீர்கள். நாளை நீங்கள் இல்லாத நேரத்தில் வேலைக்கு வந்த பையன் அதைச் சுவரில் செருகுவான். அவன் மேல் தப்பில்லை, பொருந்துகிற துவாரத்தில்தான் செருகினான். அமெரிக்கப் பிளக்கே இருக்கட்டும், அதற்கான துவாரம் டிரான்ஸ்பார்மரில் மட்டும் இருக்கட்டும். மிஷின் மேல் '110 மட்டும்' என்று பெரிதாகப் பெயிண்டில் தமிழில் எழுதுங்கள். பட்டறை லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடுங்கள். ஒரு வேளை டீயும் வடையுமாகப் பட்டறை முழுவதும் ஒரு மாதம் செலவழிப்பதைவிட அதிகம் ஆகாது.

இதையெல்லாம் உங்களையே செய்யச் சொல்லவில்லை. லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். ஆனால் அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று, "அண்ணே, மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்கிற அளவுக்கு உங்களுக்கு விவரம் வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல ஒயர்மேன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மின்வாரியத்தில் வேலை பார்க்கிற, பார்த்து ஓய்வு பெற்ற மாணவர்கள் இதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள். பைக்காரா, பசுமலைப் பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் யாராவது முதன்முதலில் கரண்ட் வந்த நாளைப் பற்றிச் சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள். அந்தத் தலைமுறை போவதற்குள் பதிந்து வைப்போம். பட்டறை வைத்திருப்பவர்கள் நாளைக் காலை கடை திறந்ததும் முதல் வேலையாக உங்கள் மிஷின் ஒயர்களை ஒரு சுற்றுப் பாருங்கள். டேப் சுற்றிய ஒயர் எங்காவது இருந்தால், அதை மாற்றிவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். வீட்டுப்பாடம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பழக்கம், இன்னும் விடவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்